தப்பு என் மேலதான்

"தப்பு என் மேலதான் வக்கீலம்மா. நான் பாட்டுக்கு பஸ்ஸுக்கு முன்னால குறுக்கே போயிட்டேன். கேஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். விட்டுடுங்க."

பேனா மூடியைத் திறந்த வக்கீலம்மா அப்படியே அசந்துபோனார். வலது கால் முழுக்க மாவுக்கட்டு, கன்னத்தில் ஆறாத சிராய்ப்பு, கட்டிலை விட்டு இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இந்த லட்சணத்தில் தப்பைத் தூக்கித் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிற ஆளை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"அவ கிடக்கறா. நீங்க எழுதுங்க மேடம்" என்றான் கட்டிலருகே நின்ற கணவன். போன் மேல் போன் போட்டு வக்கீலை வீட்டுக்கே வரவழைத்தவன் அவன்தான். "ஸ்டாப்ல நின்னுட்டிருந்த பஸ் அது. எடுக்கறதுக்கு முன்னாடி, முன்னால ஆள் வருதான்னு பார்க்க வேண்டாமா? அந்த டிரைவர் கண்ணைப் பிடரியிலயா வச்சிருந்தான்?"

"ஹாரன் அடிச்சாங்க. எனக்குத்தான் காதுல விழலை" என்றாள் மனைவி.

"பொய் சொல்லாதே! யாரு ஹாரன் அடிச்சா?"

வக்கீலம்மா அவன் பக்கம் திரும்பினார். "நீங்க அங்க இருந்தீங்களா சார்?"

"இருந்தேன். நான்தான் இவளைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்." சொல்லிவிட்டு அவன் குனிந்து அவள் காலுக்கு அடியில் இருந்த தலையணையைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின், அதன் மேல் வெட்டியது வெட்டியபடி துணிகள்.

"மெஷினை எந்தக் காலால மிதிப்பீங்க?"

"இதாலதான்." மாவுக்கட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்ப கேட்டுக்கோங்கம்மா. இன்னொரு ஆபரேஷன் செஞ்சாத்தான் முட்டி மடங்கும்னு டாக்டர் சொன்னதா உங்க வீட்டுக்காரர் போன்ல சொன்னார். டிரைவரோட கவனக்குறைவுன்னு முடிவானா அந்தச் செலவை பஸ் கம்பெனி ஏத்துக்கணும். நீங்களே குறுக்கே வந்து விழுந்தீங்கன்னா, கம்பெனி கையை விரிச்சிடும். அப்புறம் மெஷினை மறந்துட வேண்டியதுதான்."

அவள் கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்தாள். "அந்த டிரைவருக்கு என்ன ஆகும்?"

"லைசென்ஸ் போகலாம். வேலை கண்டிப்பாப் போகும்."

"அப்படீன்னா எனக்கு ஆபரேஷன் வேண்டாம்."

"நல்லாயிருக்கே! நான் உங்களுக்கு வக்கீலா, அந்த ஆளுக்கு வக்கீலா?"

"பாவங்க. ஸ்டியரிங்கைத் தவிர வேற ஒண்ணும் தெரியாத மனுஷன். அன்னையிலேர்ந்து ஒழுங்காச் சாப்பிட்டிருக்க மாட்டாரு, தூங்கியிருக்க மாட்டாரு."

"கிடக்கட்டும் பட்டினி! அப்பவாவது புத்தி வரட்டும்!" என்று பொரிந்தான் கணவன்.

"கத்தாதீங்க. கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

அவ்வளவுதான், பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டான். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, மாத்திரையைப் பிரித்து அவள் வாயில் போட்டான். வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"போலீஸ் காகிதமெல்லாம் இன்னும் என் கைக்கு வரலை. அதனால உங்க வாயாலயே சொல்லுங்கம்மா. நிக்கிற பஸ்ஸுக்கு முன்னால குறுக்கே போகக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே, நீங்க ஏன் போனீங்க?"

அவள் போர்வை நுனியைத் திருகினாள்.

"எதிர்ப் பக்கம் கடைக்கா?"

"இல்லை."

"பின்னே?"

"சும்மாதான்."

வக்கீலம்மா பேனாவை மூடினார். "சார், உள்ளதைச் சொல்லிடறேன். அடிபட்டவங்களே இப்படிச் சாதிச்சா கேஸ் நிக்காது. கணவர் சொல்ற சாட்சியை மட்டும் வச்சு ஒப்பேத்தவும் முடியாது. அந்த டிரைவரே வந்து, என் கவனக்குறைவுதான்னு ஒத்துக்கிட்டாத்தான் உண்டு. எந்த டிரைவராவது தன் பிழைப்புல தானே மண்ணைப் போட்டுக்குவானா?"

"போட்டுக்குவான்" என்றான் கணவன்.

"ஐயோ, வேண்டாங்க!" அவள் எழப் பார்த்தாள். வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்தாள். "எனக்குக் கால் இல்லாட்டி என்ன, கையாலயே தைச்சுக்கறேன். நீங்க வாயை மூடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். தன் கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கவும் இல்லை.

"எழுதிக்கோங்க மேடம். தினமும் மதியம் இவ பஸ்ஸுக்கு முன்னால சுத்தி வந்துதான், டிரைவர் ஜன்னல் வழியா சாப்பாட்டை நீட்டுவா. காலையில போட்ட சண்டையில அன்னைக்கு வரமாட்டாள்னு நினைச்சு, முன்னாலகூடப் பார்க்காம பஸ்ஸை எடுத்தவன் நான்தான்."