பாப்பாவின் ஆட்டம்

சிலைத் திறப்பு விழாவுக்கு இன்னும் பத்து நிமிடம்தான். மிருகக்காட்சி சாலை வாசலில், சிற்பி ஆறு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்த வெண்கல யானையின் காலில் ஒருவன் இரும்புச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

சிற்பிக்குக் கோபம் தலைக்கேறியது.

“யோவ், யாருய்யா நீ?”

“பாப்பாவோட பாகன் சார்.”

பாப்பா போன மாதம் செத்துப்போன யானை. அதைப் பார்த்துத்தான் இந்தச் சிலை. வலது முன்னங்காலைத் தூக்கி, தலையைச் சாய்த்து, அப்படி ஓர் ஆட்டம். கீழே கல்லில் ‘ஆனந்தம்’ என்று பெரிதாக வெட்டியிருந்தது.

சத்தம் கேட்டுக் கண்காணிப்பாளர் ஓடி வந்தார். “காலையிலேயே குடிச்சிட்டியா? இன்னையோட உனக்கு வேலை இல்ல, கிளம்பு.”

பாகன் பூட்டைப் பூட்டிவிட்டு நிதானமாகத்தான் எழுந்தான். வாடை எதுவும் அடிக்கவில்லை.

“என்னய்யா வயித்தெரிச்சல் உனக்கு?” என்றார் சிற்பி. “மூணு நாள் அது எதிர்லயே உட்கார்ந்து பார்த்துச் செஞ்சது. எங்கயாவது தப்பு இருக்கா, சொல்லு.”

“இல்ல சார். அச்சு அசல் அதேதான். நீங்க பார்த்தப்போ கால்ல சங்கிலி இருந்துச்சா?”

“இருந்தது. பார்க்க நல்லா இல்லன்னு விட்டுட்டேன்.”

“அதுக்கு அடியில புண்ணு சார், எலும்பு வரைக்கும். காலை ஊன முடியாம நாள் பூரா தூக்கிக்கிட்டே நிக்கும். வலி தாங்காம தலையை ஆட்டும். கடைசியில அந்தப் புண்ணுலயே போயிடுச்சு. தினமும் பூட்டினவன் நான்தான். சங்கிலியை எடுத்துட்டுப் பார்த்தா, டான்ஸ் ஆடற மாதிரிதான் தெரியும்.”

சிற்பி அந்தத் தூக்கிய காலின் நகத்தைக்கூட விடாமல் எவ்வளவு பெருமையாகச் செய்திருந்தார். இப்போது அந்தப் பக்கம் பார்க்கவே கூசியது.

தெருமுனையில் விருந்தினர்களின் கார் திரும்பியது. கண்காணிப்பாளர் பாகனின் தோளைப் பிடித்துச் சிலைப் பக்கம் தள்ளினார்.

“முதல்ல அந்தச் சங்கிலியைக் கழட்டுய்யா. பார்க்கறவங்களுக்கு மனசு கஷ்டப்படும்ல?”

பாகன் குனிந்து பூட்டைத் திறந்தான்.

“இந்த உத்தரவைக் கேட்டுத்தான் சார், நாலு வருஷமா உங்களுக்கு மனு எழுதினேன்.”