வழுக்கும் மடி

ஒரு வெள்ளாட்டின் கருப்பைச் சுவரில் ஓர் ஏற்பி குடியிருந்தது. ரத்தத்தில் மிதந்து வருகிற ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைப் பிடித்துத் தன் மடியில் உட்காரவைப்பதுதான் அதன் வேலை. உட்கார்ந்தால்தான் கருப்பை இறுகும், குட்டி வெளியே வரும்.

ஆடு வலியில் கத்த, ஆக்சிடோசின் ஆடிப்பாடி வந்தது. உட்கார்ந்தது, வழுக்கியது. மறுபடி உட்கார்ந்தது, சர்ரென்று சறுக்கியே போய்விட்டது.

தின்ற தழையோடு உள்ளே வந்திருந்த துளியூண்டு உலோகம் மக்னீசியம் ஏற்பியிடம் கேட்டது: "என்ன மாப்பிள்ளை, மடியில எண்ணெய் தடவியிருக்கியா?"

"எட்டிப் போடா பொடியா! இது அவருக்குப் போட்ட இடம்."

"உன் மடி எனக்கெதுக்கு? இடுப்போரமா ஒட்டிக்கிறேன்."

குட்டி உதைத்த உதையில் ஏற்பி வழிக்கு வந்தது. "சரி, வந்து தொலை!"

மக்னீசியம் ஒட்டியதும் தொளதொளத்த மடி கிண்ணம் மாதிரி குழிந்தது. ஆக்சிடோசின் பொத்தென்று உட்கார்ந்தது, அசையவில்லை. கருப்பை இறுக, குட்டி வெளியே விழுந்து "மே" என்றது. சுவரெல்லாம் ஒரே குலவை.

"பாத்தீங்களா, ஒத்தையாளா பிடிச்சேன்!" என்று ஏற்பி ஊரைக் கூட்டியது.

மக்னீசியம் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்க, மடியும் சேர்ந்து குலுங்கியது.

"அண்ணே, அண்ணே," என்று ஏற்பி கிசுகிசுத்தது, "சிரிக்காதீங்கண்ணே, விழுந்துருவாரு!"