மருமகளுக்கு ஒரு தைராய்டு டாக்டர்

“நட, நட. உடம்பு பூரா கொழுப்பு, கால்ல மட்டும் தெம்பில்ல!”

மருமகள் ஜிபெக்கின் முழங்கையைப் பிடித்து இழுத்தபடி கோச்கோர் ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறினாள் உல்கான். இரண்டு படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கியது என்னவோ உல்கான்தான். இப்படி ஒரு மருமகளை இழுத்துக்கொண்டு ஏறினால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது?

“மெதுவா வாங்க, அபா” என்றாள் ஜிபெக்.

“எனக்குச் சொல்லித் தர்றியா? அம்மா அம்மான்னு கூப்பிட்டா நான் மயங்கிடுவேன்னு நெனப்பு!”

விஷயம் இதுதான். கல்யாணமாகி மூன்று வருடம் ஆயிற்று, குழந்தை இல்லை. பெண்ணைத் தலாஸில் இருக்கும் அவள் அப்பா வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று உல்கான் ஒற்றைக் காலில் நின்றாள். மகன் எர்மெக் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டி மாட்டியே பாதி அரசியல்வாதி ஆகிவிட்டவன். “வியாதின்னு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், அனுப்பறேன்” என்று சொல்லிவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் மலைக்குப் போய்விட்டான். ஆடுகள் எதிர்க் கேள்வி கேட்பதில்லை.

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மாதம் ஒருமுறை ஹார்மோன் டாக்டர் வருகிறார் என்று விசாரித்து வந்தது ஜிபெக். முன்கூட்டியே போய்ச் சீட்டு போட்டுவிட்டு வந்ததும் அவள்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் பெண்ணை உல்கான் இப்போதுதான் பார்க்கிறாள்.

டாக்டரின் அறை வாசலில் பெஞ்சு நிறையப் பெண்கள். புதிதாக வருகிறவர், “கடைசி ஆள் யாரு?” என்று கேட்டு அவருக்குப் பின்னால் உட்கார வேண்டும். உல்கான் கேட்கவில்லை, நேராக நடுவில் போய் உட்கார்ந்து சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஜூலை வெயிலில் மற்றவர்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

“உங்களுக்கா காட்டணும், எஜே?” என்று பக்கத்தில் இருந்தவள் அக்கா முறை வைத்து மரியாதையாகக் கேட்டாள்.

“எனக்கா? பொறந்ததுல இருந்து நான் ஒரு டாக்டர் மூஞ்சியப் பார்த்ததில்ல. வேலை செய்யற உடம்புக்கு வியாதி எங்கிருந்து வரும்? இதோ நிக்கிறாளே, இந்த மகாராணிக்குத்தான்.”

“பார்த்தா மரியாதை தெரிஞ்ச பொண்ணு மாதிரி இருக்கு.”

“அது தெரியும். வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து புருஷன் வீட்டுப் பெரியவங்க பேரை வாயால சொன்னதில்ல. அந்த முறையெல்லாம் சரியாத்தான் வெச்சிருக்கா” என்றாள் உல்கான், வேண்டா வெறுப்பாக. குறை கண்டுபிடிக்க முடியாத ஒரே இடம் அது. அதில் அவளுக்கு வருத்தம்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண்.

“பேஷண்ட் பேரு?”

ஜிபெக் வாயைத் திறக்கவில்லை. கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“பார்த்தீங்களா டாக்டர்? பேரைச் சொல்லக்கூடச் சோம்பல்!”

டாக்டர் தாளைப் படித்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் ஒரு வீட்டுக்கு மருமகள்தானே, என்ன நினைத்தாரோ, உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்து போயிற்று.

“சரி, விவரம் யார் சொல்றீங்க?”

“நான் சொல்றேன்” என்றாள் ஜிபெக்.

“பகல்ல தூக்கம் வருதா?”

“வருது டாக்டர். டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே, கையில கிண்ணத்தோட.”

“அட திருட்டுத் தூக்கமே! நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே!” என்றாள் உல்கான்.

“நீங்க கொஞ்சம் பேசாம இருங்கம்மா. குளிர் தாங்குதா?”

“இல்ல. இந்த வெயில்லயும் கம்பளி கேக்குது.”

“முகம், கை வீங்குதா?”

“காலையில முகம் உப்பிடுது. விரல்ல போட்ட மோதிரத்தை ரெண்டு மாசமாக் கழட்ட முடியல.”

“மறதி?”

“சூப்புல உப்பு மூணு தடவ விழுது.”

“அதான் உப்புக் கரிக்குதா!” என்று உல்கான் தொடையில் தட்டினாள்.

“கோபம் வருமா?”

ஜிபெக் தலையைக் குனிந்துகொண்டாள். “சொல்லும்மா” என்றார் டாக்டர்.

“எதுக்கெடுத்தாலும் வரும். ஆனா மனசுல ஒண்ணும் கிடையாது டாக்டர். அது உடம்பு படுத்தற பாடுன்னு எனக்குத் தெரியும். பயமா இருக்கு, எப்படியாவது சரி பண்ணிடுங்க.”

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. உல்கானுக்கே ஒரு கணம் பாவமாகிவிட்டது. இந்தப் பெண் சுடும் ரொட்டி வேறு நன்றாக இருக்கும். ஆனால் ரொட்டிக்காகக் கொள்கையை விட முடியுமா? கனைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எல்லாம் அவ வாயாலயே வந்தாச்சு. வியாதிதான்னு எழுதி, சீல் வெச்சுக் கொடுங்க.”

“எழுதத்தான் போறேன். தைராய்டு மாதிரி தெரியுது. ரத்தம் பார்த்துட்டு மாத்திரை தர்றேன், தினம் ஒண்ணு போட்டா நல்லாயிடும்.”

“மாத்திரையெல்லாம் எதுக்கு? தலாஸ் வரைக்கும் போய்ச் சேர்ற உடம்பு, அது போதும். நீங்க எழுதுங்க.”

டாக்டர் பேனாவை எடுத்தார். “வயசு எழுத விட்டுப் போச்சே. வயசு என்ன?”

ஜிபெக் மாமியாரை ஒரு முறை பார்த்தாள்.

“அறுபத்திரண்டு, டாக்டர்.”