விரதம் முறித்தவன்

சாயக்காரன் ரொகாத்துஸின் மனைவி யானுவாரியாவுக்கு வயிறு தெரிந்ததும், கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ சபையில் முதலில் தலை குனிந்தவர் மூப்பர் பாசில்லுஸ்தான்.

பின்னே? இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தத் தம்பதி சபை நடுவில் நின்று, இனி அண்ணன் தங்கையாக வாழ்வோம் என்று விரதம் பூண்டார்கள். அன்றிலிருந்து மூப்பரின் பிரசங்கம் எங்கே தொடங்கினாலும் அவர்கள் வீட்டில்தான் போய் முடியும்.

சபைப் பெண்கள் யானுவாரியாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். மூப்பர் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். அவள் வாயே திறக்கவில்லை.

"அவ மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல," என்றான் ரொகாத்துஸ்.

மூப்பர் பெருமூச்சு விட்டார். "விபசாரம்னா ஆணோ பெண்ணோ, சாகுற வரைக்கும் சபைப் பக்கமே தலைகாட்ட முடியாது. உன்னோடது சொந்தப் பொண்டாட்டி. ஒரு வருஷம் வாசல்ல கிட."

கிடந்தான். சாக்குபோல முரடான இரட்டுத் துணி உடுத்தி, தலையில் சாம்பல் பூசி, உள்ளே போகிறவர்களின் கால்களையெல்லாம் பிடித்து, எனக்காக ஜெபியுங்கள் என்று கெஞ்சினான். ஜெபித்தார்களோ என்னவோ, கேலிக்குக் குறைவில்லை.

"ரெண்டு வருஷம் தாக்குப்பிடிச்சியே, அதுவே பெரிசுப்பா," என்று தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனான் மீன்காரன்.

மூப்பர் தட்டவில்லை. காலை உதறிக்கொண்டு போனார்.

குழந்தை பிறந்தது. மழைக்காலம் வந்தது. ஈர இரட்டோடு இருமிக்கொண்டே கிடந்த ரொகாத்துஸ், தண்டனையின் எட்டாம் மாதத்து ஞாயிறு ஒன்றில் யார் காலையும் பிடிக்கவில்லை. புரட்டிப் பார்த்தார்கள். உடம்பு சில்லிட்டிருந்தது.

தவணை முடியாமல் செத்தவனுக்குச் சபையின் கல்லறை நிலத்தில் இடமில்லை. ஜெபத்தில் பெயரும் இல்லை. குப்பைமேட்டுக்குப் பின்னால் குழி வெட்டச் சொன்னார் மூப்பர். சொல்லும்போது அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. எவ்வளவு நல்ல உதாரணம், இப்படிப் பாழாய்ப் போயிற்றே.

யானுவாரியா தோளில் குழந்தையோடு எதிரே வந்து நின்றாள்.

"அவரை நம்ம நிலத்துல புதைங்க ஐயா."

"வருஷம் முடியலையேம்மா. விரதத்தை முறிச்சவன்."

அவள் ஒருமுறை சபையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள்.

"என்னை வேணும்னா இப்பவே வெளியே தள்ளுங்க ஐயா. இந்தப் பிள்ளை அவரோடது இல்லை."