கறிக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று

“இந்த பாட்டில் கறிக்குழம்புக்கு. கொஞ்சம் துவர்ப்பா இருந்தாத்தான் கொழுப்புக்கு ஈடுகொடுக்கும். மீனுக்கு அது, இனிப்பு தூக்கலா கலந்திருக்கேன். கோழிக்கு ரெண்டும் சரிபாதி. மாத்திக் கீத்தி வெச்சுடாதே பியூலா,” என்று மகளிடம் சொல்லிவிட்டு, ரத்தினபாய் மூன்று ஒயின் பாட்டில்களையும் சமையல் மேடையில் வைத்தாள். காலையிலிருந்து அடுப்படியில் நின்றதில் அவள் முகம் சிவந்து கிடந்தது.

சேலையூர் கிறிஸ்தவர்களிடையே ரத்தினபாயின் நாக்கு பேர்போனது. பன்னீர் திராட்சையில் ஒரு ஜாடி, பெங்களூர் புளிப்புத் திராட்சையில் ஒரு ஜாடி என்று அவளே ஊறப்போடுவாள். டிசம்பர் பிறந்தால் போதும், மற்ற வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு பாட்டிலோடு வந்து, ருசி பார்த்துச் சொல்லுங்கக்கா என்று நிற்பார்கள். எதை எதோடு கலப்பது, எந்தக் குழம்போடு வைப்பது என்று அவள் ஒரு வாய் குடித்து, சந்தேகம் தீர இன்னொரு வாயும் குடித்துச் சொல்லுவாள். வீட்டு ஒயினை யாரும் குடியில் சேர்ப்பதில்லை. அது கேக்குக்குத் துணை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு வண்டலூரிலிருந்து சுவிசேஷமுத்து சார் தன் மனைவியோடும் மகன் எட்மண்டோடும் வருகிறார். எட்மண்டும் பியூலாவும் ஒரே வங்கியில் வேலை. ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். ஆனால் சுவிசேஷமுத்து ரிட்டயரான தலைமையாசிரியர், மதுவிலக்குக் கூட்டமென்றால் முதல் ஆளாய் மேடை ஏறுகிறவர். பண்டிகைக்கு ஒரு கிளாஸ் வீட்டு ஒயின் குற்றமில்லை, குடிகாரன் வீட்டில் மட்டும் பெண் எடுக்கமாட்டேன் என்பது அவர் கட்சி. பம்மலில் பேசிய ஒரு சம்பந்தத்தை, பெண்ணின் அப்பா குடிக்கிறார் என்று தெரிந்து பாதியில் எழுந்துவந்த மனிதர்.

பியூலாவின் பயமெல்லாம் அவள் அப்பா வில்பிரட்டைப் பற்றித்தான்.

போன வருஷம் அரிசி டிரம்மில் கையை விட்டபோது அவளுக்கு ஒரு பாட்டில் தட்டுப்பட்டது. நிறைய ஒயின். அவள் கேட்பதற்கு முன்பே, நான்தான் வெச்சேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பியூலா அப்பாவோடு இரண்டு மாதம் பேசவில்லை. அதற்குப் பிறகும் அவர் திருந்தின மாதிரித் தெரியவில்லை. துவைக்கப் போடும் அவருடைய சட்டைக் கையில் ஊதாக் கறையும் புளித்த வாடையும் இருந்துகொண்டேதான் இருந்தன. ரயில்வேயில் ஒரு நாள் லீவு போடாமல் உழைத்த மனிதர் இப்படிக் கெட்டுப்போனாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் அம்மா குளிக்கப் போயிருந்தாள். தட்டு எடுக்கச் சமையலறைக்குள் போன பியூலா அப்படியே நின்றுவிட்டாள். அப்பா முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். கையில் பாட்டில். பாத்திரம் கழுவும் தொட்டி முழுக்க ஊதா நிறம். தேள் கொட்டினவர்போல அவர் திரும்பினார்.

“இன்னிக்குக் கூடவாப்பா?” என்றாள்.

வில்பிரட் பாட்டிலை மேடையில் வைத்து மூடியைத் திருகினார். “இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோம்மா. அம்மாகிட்ட சொல்லிடாதே,” என்றார். பாட்டில்கள் மூன்றும் கழுத்துவரை நிறைந்தே இருந்ததைப் பார்த்து, தொட்டியில் கொஞ்சம் சிந்தினதோடு சரி, அவருக்குக் குடிக்க நேரம் கிடைக்கவில்லை, தப்பித்தோம் என்று அவள் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். ஜெபம் முடிந்து சாப்பாடு ஆரம்பித்தது. வில்பிரட் தன் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டார். இந்த நடிப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று பியூலா மனதுக்குள் கறுவிக்கொண்டாள். ரத்தினபாய் ஓடி ஓடிப் பரிமாறினாள், ஒவ்வொரு குழம்புக்கும் அதனதன் பாட்டிலை எடுத்து ஊற்றினாள். கறியைத் தின்று ஒயினை ஒரு வாய் குடித்த சுவிசேஷமுத்துவின் முகம் மலர்ந்தது.

“மணம் இருக்கு, இனிப்பு இருக்கு, மயக்கம் துளி கூட இல்ல. விசுவாசி வீட்டு ஒயின்னா இப்படித்தான் இருக்கணும்,” என்றவர், ஜனவரியிலேயே கோயிலில் சபையாருக்கு அறிவிக்கிற கல்யாண ஓலையை வாசித்துவிடலாம் என்றும் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். எட்மண்ட் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். பியூலாவுக்குக் காலிலிருந்து தலைவரை குளிர்ந்துபோனது.

அப்புறம்தான் ரத்தினபாய் உட்கார்ந்தாள். கிளாஸைப் பிடித்த அவள் கை லேசாக நடுங்கியது. ஒரு வாய் குடித்தவள் நெற்றியைச் சுருக்கினாள். மீனுக்கான பாட்டிலிலிருந்து ஊற்றிக் குடித்தாள். மூன்றாவதைக் கிளாஸில் ஊற்றவே இல்லை, பாட்டிலோடு தூக்கி வாயில் கவிழ்த்தாள். சம்பந்தி அம்மாள் கை சோற்றோடு நின்றது.

“ஸ்குவாஷ்,” என்றாள் ரத்தினபாய். “திராட்சை ஸ்குவாஷ்ல தண்ணி.”

“ரத்தினம், உட்காரும்மா. இவங்க போகட்டும்,” என்று வில்பிரட் கெஞ்சினார்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து புருஷனை ‘என்னங்க’ என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாத ரத்தினபாய், அத்தனை பேர் எதிரில் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள்.

“எங்கடா ஊத்துன? தினம் தினம் என்னுதெல்லாம் எங்கடா கொண்டுபோய் ஊத்துற?”

இத்தனை நாளும் அப்பாவின் சட்டையில்தான் வாடை அடித்தது, வாயில் ஒருநாளும் அடித்ததில்லை என்பது பியூலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.