மூணு மக்கன் பேடா

முட்டியில் ஊசி போட்ட மூன்றாம் நாள், கன்னியப்பன் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"கால் இருக்கிறதே தெரியல செண்பகம். மெதக்குற மாதிரி இருக்குது."

தோல் பதனிடும் டேனரி ஈரத்தில் நின்று நின்றே முட்டி தேய்ந்துபோன மனுஷன். கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த செண்பகத்துக்கு, இருவரும் பாலாற்றுப் பாலத்தில் கைவீசி நடப்பதுபோல விழித்தபடியே ஒரு கனவு. அந்தக் கனவுக்காகத்தான் நச்சரித்து நச்சரித்து அவரை வேலூருக்கு இழுத்துப்போய் ஊசி போட வைத்தாள்.

அவருக்குச் சர்க்கரை பார்க்கும் மெஷின் அந்தக் கனவைக் கலைத்தது. முன்னூற்றுப் பத்து!

ஆற்காட்டிலிருந்து தம்பியைப் பார்க்க வந்திருந்த நாத்தனார் முத்துமாரி சும்மா இருப்பாளா?

"ஊசி வேணாம், ஏடாகூடமா ஆவும்னு தலபாடா அடிச்சிக்கினேன், கேட்டியா? எந்தம்பிய இன்னா பண்ணி வச்சிருக்கிற பாரு!"

செண்பகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னால்தானோ?

"யக்கா, ஊசி இன்னா பண்ணுச்சு?" கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். "பசங்களுக்குன்னு நீ கொண்டாந்த மக்கன் பேடா... மூணு துன்னுட்டேன்."

"கொண்டாந்த என்னச் சொல்லணும்" என்று முணுமுணுத்தபடி முத்துமாரி மதியமே பஸ் ஏறினாள்.

செண்பகம் விடவில்லை.

"உங்க காலுக்காக நான் அலையறேன், உங்களுக்கு நாக்கு கேக்குதா? வெக்கமா இல்ல?"

அவர் சிரித்தபடி மறுபடி நடக்கப் போய்விட்டார். கோபமாக வந்தது. அதைவிட பயம் ஜாஸ்தியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கே போன் போட்டாள்.

"சிஸ்டர், முட்டியில ஊசி போட்டீங்களே கன்னியப்பன், எங்க வீட்டுக்காரரு, அவரு இனிப்பு துன்னுட்டாரு. சுகர் முன்னூறத் தாண்டிடுச்சு."

"இனிப்பா? முட்டியில இந்த ஊசி போட்டா கொஞ்ச நாளைக்கு சுகர் ஏறும்மா. விடிஞ்சதும் அவரே செக் பண்ணிட்டு போன்ல கேட்டாரே! மாத்திரைய விடாம போடுங்க, தினம் செக் பண்ணுங்கன்னு சொன்னேன். இறங்கிடும், பயப்படாதீங்க."

செண்பகம் போனை வைத்துவிட்டு மக்கன் பேடா பெட்டியைத் தேடினாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் பத்திரமாக ஒளித்து வைத்திருந்தார்.

வெளியே சாயங்கால வெயிலில் அவர் இன்னும் மிதந்துகொண்டிருந்தார்.

பெட்டியில் கடைக்காரர் கட்டிக்கொடுத்த நூல் அப்படியே இருந்தது. முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை.