டாக்டரம்மா காரின் முள்

“ஒரு முள்ளைச் சரிபண்ணத் தெரியல. அதுக்கு ஒரு கடை, அதுக்கு ஒரு போர்டு வேற” என்று எதிர்க்கடைக்காரரைப் பற்றி ஒரு வாரமாகத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார் நம்ம மெக்கானிக்.

ஊரில் கார்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. பிரசவம் பார்க்கும் டாக்டரம்மாவின் காரில் பெட்ரோல் முள் பொய் சொன்னது. காலி என்று காட்டும். ஊற்றப் போனால் சீக்கிரமே நிறைந்து வழியும். எதிர்க்கடைக்காரர் கையை விரித்துவிட, கார் இவரிடம் வந்தது. டாங்குக்குள் மிதவையைத் தாங்கும் கம்பி லேசாக வளைந்திருந்தது. அதை நிமிர்த்திவிட்டு, மீசையையும் முறுக்கிவிட்டுக்கொண்டார்.

பத்தே நாளில் கார் திரும்பி வந்தது. அதே பொய். மறுபடி நிமிர்த்தினார். மறுபடி வந்தது. இனி தெரு நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கும் என்று மனுஷனுக்குப் பயம் வந்தது.

மூன்றாம் முறையும் கம்பியை நிமிர்த்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிளையர் கடித்த தடம். எதிர்க்கடைக்காரன் வேலைதான், வேறு யார் செய்வார்கள் என்று பல்லைக் கடித்தார்.

அப்போதுதான் டாக்டரம்மாவின் கணவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

“நான்தாங்க வளைச்சேன். முள்ளு சரியா இருந்தா கடைசிச் சொட்டு வரைக்கும் ஓட்டுவா. போன மழையில ஒரு பிரசவத்துக்குப் போறப்ப பாதி வழியில வண்டி நின்னுபோச்சு. பையைத் தூக்கிட்டு ஓடியிருக்கா. தாயைக் காப்பாத்திட்டா, குழந்தை தங்கல. மூணு நாள் சாப்பிடல. இப்ப முள்ளை நம்பாம, பயந்து பயந்து ஊத்திக்கிறா. சொன்னாக் கேக்கற ஆளில்லைங்க. இப்படியே விட்டுடுங்க.”

மெக்கானிக் பிளையரை எடுத்தார். நிமிர்த்திய கம்பியைத் தன் கையாலேயே பக்குவமாக வளைத்து மாட்டினார்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து பார்த்தார். டாங்கில் பெட்ரோல் இருந்தது. முள் காலி என்றது.

“மன்னிச்சுக்கங்கம்மா. இந்த முள்ளு எனக்குப் பிடிபடல” என்று தலையைச் சொறிந்தார் மெக்கானிக்.

டாக்டரம்மா எதிர்க்கடைப் பக்கம் கையைக் காட்டினார்.

“என்னங்க இது, அவரும் இதே மாதிரி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, இதே வார்த்தையைத்தான் சொன்னார்.”